புயல் கூடத்தில் ஒரு ஜாஸ் ஆல்பம்

ஜாஸ் என்பது மூன்று பேர் வாசித்து இரண்டு பேர் கேட்கிற தொழில்; அந்த இரண்டு பேரில் ஒருவர் மைக் செட்காரர். சின்னக் குழு வைத்துக்கொண்டு ஆல்பம் போடும் சக பாவிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

எங்கள் குழுவில் சுதா கீபோர்டு, ஏழுமலை டிரம்ஸ், நான் டபுள் பேஸ். வயலினை ஆள் உயரத்துக்கு வளர்த்து நிற்க வைத்தால் அதுதான் டபுள் பேஸ். எங்கள் புது ஆல்பத்தைப் பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் பசியாவரத்தில் பதிவு செய்தோம். அது ஏழுமலையின் ஊர். அவருடைய நைனா ஐப்பசியில் கடலுக்குப் போனார். படகு கரை ஒதுங்கியது, அவர் ஒதுங்கவில்லை. அதற்குப் பிறகு அம்மாவைத் தனியே விட்டுவிட்டு மெட்ராஸ் ஸ்டுடியோவுக்கு வர ஏழுமலை மறுத்துவிட்டார். டிரம்ஸ் இருக்கிற இடத்துக்கு நாங்கள் போனோம்.

படகில் படுத்துக்கொண்டு வந்தவர்

என் வீடு அனுப்பம்பட்டில். பேஸை ரயிலில் பொன்னேரி வரை நிற்க வைத்துக் கொண்டுபோய், அங்கிருந்து லோடு ஆட்டோவில் சாய்த்து, கடைசியில் படகில் நீளவாக்கில் படுக்க வைத்தேன். கறுப்பு உறை, இழுத்து மூடிய ஜிப். மீன் கூடையோடு ஏற வந்த பெண்கள் அதைப் பார்த்ததும் அடுத்த படகுக்குப் போய்விட்டார்கள். ஒருத்தி மட்டும் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கும்பிட்டாள்.

பாதி ஏரி தாண்டியதும் வெயில் ஏறியது. மரம் சூடாகக் கூடாதே என்று என் வெள்ளைத் துண்டை எடுத்து அதன் தலைப்பக்கம் போர்த்தினேன். அதுவரை ஏதோ பேசிக்கொண்டு வந்த படகுக்காரர் தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். கரையில் இறங்கியபோது ஒரு பெரியவர் என் தோளைத் தொட்டு, தணிந்த குரலில் கேட்டார்: "எந்த ஆஸ்பத்திரிலருந்துபா இட்டாறீங்க?"

டீக்கடை விமர்சனம்

ஊரில் நல்ல பெயர் வாங்கலாம் என்று எங்கள் முதல் ஆல்பத்தை ஒரு பென் டிரைவில் போட்டு, தோணிரேவு டீக்கடையில் கொடுத்து வைத்தார் ஏழுமலை. கடைக்காரர் மரியாதை தெரிந்தவர். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, எங்கள் எதிரிலேயே கை கட்டி நின்று கேட்டார். இரண்டாவது பாட்டில் ஏழுமலை குச்சியை வைத்துவிட்டுக் கம்பி பிரஷ்ஷால் டிரம்மைத் தேய்ப்பார். அந்த இடத்துக்கு ஒரு பத்திரிகையே எங்களைப் பாராட்டியிருக்கிறது. கடைக்காரர் பென் டிரைவைப் பிடுங்கி, துடைத்து, ஏழுமலையின் சட்டைப் பையில் போட்டார்: "ஏனம் தேய்க்கிற சத்தம் நம்ம கடைலயே கேக்குதே, இத்த வேற தனியா போடணுமா?"

நடுவில் நிறுத்தக் கூடாது

பதிவு செய்ய எங்களுக்குக் கிடைத்தது புயல் பாதுகாப்புக் கூடம். புயல் வந்தால் ஊர் அங்கே போய்ப் படுக்கும், வராத நாளில் வலைகள் படுத்திருக்கும். மின்விசிறி போட்டால் அதன் முனகல் மைக்கில் விழுந்தது. நிறுத்தினால் நாங்கள் முனகினோம். கடைசியில் விசிறியை நிறுத்திவிட்டு, ஏரிப் பக்கத்து ஜன்னல்களை எல்லாம் திறந்து வைத்துக்கொண்டோம்.

ஏரியில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கும் பெண்கள் திரும்பும் வழியில் கூடத்தின் படியில் உட்காருவார்கள். சுதா அப்போது ஒரு சோகமான பாட்டை வாசித்துக்கொண்டிருந்தாள். இரண்டு சுரம், பிறகு நீண்ட மௌனம், பிறகு ஒரு சுரம். அந்த மௌனங்களைத்தான் தன் திறமை என்று அவள் நினைத்திருந்தாள், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். இடுப்பளவு ஈரப் புடவையோடு ஒரு அம்மாள் எழுந்து ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்: "அழுவறதுன்னா முழுசா அழுதுடு கண்ணு, நடுவுல நடுவுல நிறுத்துனா நெஞ்சு அடைச்சுக்கும்."

யார் பேரில் பாடு

ஏரியில் இஷ்டத்துக்கு வலை போட முடியாது. இன்றைக்கு இந்த வீடு, இந்த இடம் என்று ஊர் கூடி முறை வைத்துப் பிரிப்பார்கள். அதற்குப் பெயர் பாடு. வீட்டுக்கு ஒரு பேர். ஏழுமலை வீட்டுப் பாடு இன்னும் நைனா பேரில்தான் வந்துகொண்டிருந்தது. அவர் பேரை எடுக்க வேண்டுமானால் அவர் இறந்துவிட்டார் என்று வீட்டுக்காரி ஊருக்கு முன்னால் சொல்ல வேண்டும். ஏழுமலையின் அம்மா கன்னியம்மா சொல்லவில்லை. பொட்டை அழிக்கவில்லை, காரியம் செய்ய விடவில்லை. மகன் வீட்டுக்குள் வாய்விட்டு அழக்கூட இடம் இல்லை.

நாங்கள் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஊர்த் தலைவர் வந்து, நீரோட்டம் வடக்கே இழுத்திருக்கும், இனி எதுவும் கரைக்கு வராது என்று பக்குவமாகத்தான் சொன்னார். கன்னியம்மா எனக்குக் குழம்பு ஊற்றிக்கொண்டே பதில் சொன்னார்: "ஒடம்பு வரட்டும்ணா, அப்பால பேர மாத்திக்கலாம்."

கேட்க வந்த ஊர்

ஆல்பத்தின் கடைசிப் பாட்டு நைனாவுக்கு. அம்மாவிடம் சொல்லவில்லை. எங்கள் சங்கீதத்தில் முன்கூட்டியே தீர்மானிப்பது கொஞ்சம்தான்; மீதி, கை போகிற போக்கு. ஏழுமலை கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார். எங்களிடம் வருவதற்கு முன்னால் அவர் பொன்னேரி பேண்டு செட்டில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் அடித்தவர். பாதிப் பாட்டில் அவர் கை ஒரு கனமான, நிதானமான அடிக்குப் போனது. சுதாவுக்கும் எனக்கும் அது என்ன என்று தெரியாது. பிரமாதமாக இருந்தது, பின்னாலேயே போனோம். அன்றைக்கு வாசித்த மாதிரி நான் என் ஆயுளில் வாசித்ததில்லை. முடிந்தபோது சுதா அழுதுகொண்டிருந்தாள்.

நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தால், ஏரியில் இருந்த படகுகள் ஒன்றன் பின் ஒன்றாகக் கரைக்கு வந்துகொண்டிருந்தன. அந்த அடி கேட்டால் ஊரில் சாவு என்று அர்த்தம். வலையைச் சுருட்டிக்கொண்டு திரும்பிவிட வேண்டும், அன்றைக்கு மறுபடி யாரும் ஏரியில் இறங்கக் கூடாது. நல்ல இறால் ஓடுகிற நேரம் அது. ஈரக் காலோடு ஏறி வந்த ஆண்கள், "யாரு? யாரு பூட்டாங்க?" என்று கேட்டார்கள். ஏழுமலை குச்சிகளைப் பிடித்தபடி நின்றார். யாரும் சாகவில்லை என்று புரிந்ததும் ஒருவர், "சாவு இல்லாத ஊருல சாவு அடி அடிப்பியாடா நீ?" என்று அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். ஜாஸ் என்றால் என்ன என்று விளக்க வாயைத் திறந்தேன், சுதா என் கையைக் கிள்ளினாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு கன்னியம்மா வந்தார். அவரும் யார் போனது என்று பார்க்கத்தான் ஓடி வந்திருந்தார், மூச்சு வாங்கியது. மகன் முகத்தைப் பார்த்தார். அவர் கையில் இருந்த குச்சியைப் பார்த்தார். சட்டையைப் பிடித்திருந்தவரின் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். பிறகு டிரம்முக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து, பொட்டைப் புறங்கையால் அழித்துக்கொண்டு, தலைவரைப் பார்த்துச் சொன்னார்: "எங்க ஊட்டுக்காரரு பூட்டாருண்ணா, அதுக்குத்தான் எம்புள்ள அடிச்சான். வந்தவங்கள உக்காரச் சொல்லுங்க, ஏரியில அடுத்த பாட்ட அவன் பேருல வெச்சுடுங்க."

மூன்று பேர் வாசித்து ஊரே திரண்டு வந்து கேட்டது என் தொழிலில் அந்த ஒரு தடவைதான்; ஆல்பத்தில் அந்தப் பாட்டு இல்லை.