தாய்மாமன் பிளெக்ஸும் உரிக்காத தோலும்

எங்கள் வீட்டில் புதுச் சாமானுக்குத் தோல் உரிப்பது கிடையாது. என் வீட்டுக்காரர் போட்ட சட்டம் அது. பிரிட்ஜ் கதவில் கடையிலிருந்து ஒட்டிவந்த பிளாஸ்டிக் தாள், ஓரமெல்லாம் சுருண்டு பழுப்பேறியும் இன்னும் போகவில்லை. டிவி ரிமோட் உறைக்குள் இருக்கிறது; பட்டனை அமுக்கினால் யோசித்துத்தான் வேலை செய்யும். ஸ்கூட்டர் சீட்டின் மேலும் பாலித்தீன். பழனிசெட்டிபட்டியிலிருந்து தேனி பஜாருக்குப் போவதற்குள் நான் பின்னால் வழுக்கி வழுக்கி, இவர் சட்டையைப் பிடித்துக்கொண்டுதான் போய்ச் சேரவேண்டும். கேட்டால், "உரிச்சா அன்னைக்கே பழசாயிரும்டி" என்பார். நான் எதற்கும் வாயை மூடிக்கொண்டு போகிறவள் இல்லை. ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் விட்டுவைத்திருந்தேன்.

மருமகள் வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்து பிளெக்ஸ் வரைகிறாள். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாமே எங்கள் நடு அறையில்தான் தயாராகும். அந்தக் கம்ப்யூட்டருக்குள் முன்பு ஒரு ஹார்ட் டிஸ்க் இருந்தது. செங்கல் துண்டு மாதிரி கனமாக இருக்கும், ஓடும்போது கரகரவென்று சத்தம் போடும். அது மெதுவாக இருக்கிறது என்று புதிதாக ஒன்று வாங்கினாள். என்விஎம்இ என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்லப் பழக எனக்குக் கொஞ்ச நாள் ஆயிற்று. இப்போது தட்டாமல் சொல்லுவேன். உறையைப் பிரித்தால் உள்ளே சூயிங்கம் பட்டை அளவில் ஒரு தகடு, அதன்மேல் கறுப்புச் சில்லுகள்.

"இம்புட்டுக் காசுக்கு இத்தினிக்காணுமா?" என்றேன்.

"அத்தே, இதுக்குள்ள சுத்துற சாமான் எதுவும் கெடையாது. சத்தமே வராது. ஆனா ரொம்ப வேகம்."

"சத்தம் வரலைன்னா அது உசுரோட இருக்கா இல்லையான்னு எப்படித்தா தெரியும்?"

அவள் சிரித்தாள். நான் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை.

வேகமாக ஓடுவதால் அந்தத் தகடு சூடாகுமாம். சூட்டை இழுத்து வெளியே விடுவதற்கு வரிவரியாக ஒரு அலுமினிய மூடியும் கூடவே வந்திருந்தது. மூடியின் அடியில் மெத்தென்று ஒரு பட்டை, பட்டையின் மேல் நீலநிறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் தோல். மருமகள் அதன் ஓரத்தை நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தாள். நாற்காலியில் இருந்த என் வீட்டுக்காரர் எழுந்தே விட்டார்.

"ஆத்தா, ஆத்தா! அதை எதுக்கு உரிக்கிற?"

"உரிக்கணும் போல இருக்கே மாமா."

"கம்பெனிக்காரன் கிறுக்கனா? காரணமில்லாமயா ஒட்டி அனுப்பிருக்கான்? இருந்துட்டுப் போகட்டும். தூசி அண்டாது."

அவள் தோலோடு வைத்துத் திருகி மூடினாள். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

வெயில் காலம் வந்தது. கூடவே ஜெயமங்கலத்தில் என் நாத்தனார் மகனுக்குக் கல்யாணமும் வந்தது. என் வீட்டுக்காரர்தான் தாய்மாமன். மாப்பிள்ளையின் அப்பா வழிப் பங்காளிகள் முந்திக்கொண்டு ஊர் முகப்பில் பெரிதாக ஒரு பிளெக்ஸ் கட்டிவிட்டார்கள். அதில் தாய்மாமன் முகம் கீழ் மூலையில், இட்லி அளவுக்கு. அதிலும் பாதி மீசையைச் சவுக்குக் கம்பு மறைத்துக்கொண்டது. போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் அன்று இரவு சாப்பிடவில்லை.

"நம்ம பிளெக்ஸு அதவிட ஒரு அடியாவது ஒசந்து நிக்கணும்" என்றார். இதில் எனக்கும் அவருக்கும் ஒரே கருத்துதான். தாய்மாமன் பிளெக்ஸ் இல்லாத கல்யாணத்துக்கு எந்த முகத்தோடு போய் முன்வரிசையில் உட்காருவது?

வரைவதுகூடப் பெரிய வேலை இல்லை. முகங்களை வரிசைப்படுத்துவதுதான் வேலை. கம்பத்துச் சின்ன மாமனார் தன் தம்பி பக்கத்தில் நிற்கமாட்டேன் என்றார். கோம்பைக்காரர் ஒருவர் தன் நாயோடு எடுத்த படத்தைத்தான் போடவேண்டும் என்றார். கூலிங்கிளாஸ் போட்டவர்கள் ஒரு பக்கம், காதில் போனை வைத்தவர்கள் ஒரு பக்கம் என்று பிரித்து, அழுதவர்களைச் சமாதானப்படுத்தி, ஒருவழியாக வரிசை முடிவானது. அத்தனை முகமும் அந்தச் சூயிங்கம் பட்டைக்குள்தான் இருந்தது. வேறு எங்கும் இல்லை.

மறுநாள் காலையில் பிளெக்ஸ் கட்டவேண்டும். சாயங்காலத்துக்குள் தேனி பிரஸ்ஸில் கொடுத்தால்தான் அடித்துத் தருவார்கள். உச்சி வெயிலில் மருமகள் படத்தைச் சேமிக்கிற பட்டனை அமுக்கினாள். அம்புக்குறி அப்படியே நின்றது. திரை நீலமாயிற்று, பிறகு கறுப்பாயிற்று. கறுப்பில் இங்கிலீஷில் ஒரே ஒரு வரி.

"என்னத்தா சொல்லுது?"

"உள்ள டிஸ்கே இல்லைங்குது அத்தே."

"காலையில இருந்துச்சுல்ல?"

"என் மூஞ்சி?" என்றார் இவர்.

"எல்லார் மூஞ்சியும்தான் மாமா."

அவள் கரண்டை நிறுத்தி, பெட்டியின் பக்கத்துப் பலகையைக் கழற்றி, அந்தத் தகட்டை மூடியோடு வெளியே எடுத்து, முனையைத் துடைத்து மறுபடியும் செருகினாள். வந்துவிட்டது. மூச்சு விட்டோம். படத்தைத் திறந்து சேமித்தாள். மறுபடியும் காணோம்.

தேனியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவருக்குப் போன் போட்டாள். பாதி கேட்டதுமே, "டிஸ்க் செத்துப்போச்சு. புதுசு போட்ருங்க. உள்ள இருந்தது வராது" என்று துக்கம் சொல்லி வைத்துவிட்டார். அடுத்த போன் நாத்தனாரிடமிருந்து.

"அண்ணே, பிளெக்ஸு என்னாச்சு? இங்கன அவுக பங்காளிக கேட்டுக்கிட்டே இருக்காக."

"பிரஸ்ல ஓடிக்கிட்டு இருக்கு தாயி" என்று கூசாமல் சொன்னார் இவர்.

மருமகள் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தவள், "செத்ததுன்னா ஒரேயடியா செத்திருக்கணும்ல அத்தே? கழட்டி மாட்டுனா வருது. வேலை குடுத்தா போயிருது" என்றாள்.

"வேலை சொன்னா காணாமப் போறதுக்கு அதுக்கு யாரு பழக்கிவிட்டாகளோ" என்று நான் இவரைப் பார்த்தேன். இவர் சுவரைப் பார்த்தார்.

இந்தத் தடவை அவள் எதையும் கழற்றவில்லை. கரண்டை மட்டும் நிறுத்திவிட்டு, "சாப்பிடுவோம்" என்றாள். சாப்பிட்டுக் கைகழுவி வந்து போட்டால், டிஸ்க் இருந்தது. ஆக, கழற்றி மாட்டினதால் வரவில்லை. ஓய்வு கொடுத்ததால் வந்திருக்கிறது. உடனே திரையில் வேறொரு ஜன்னலைத் திறந்தாள். டிஸ்கின் ஆரோக்கியமும் சூடும் அதில் தெரியுமாம். ஆரோக்கியம் நன்றாக இருக்கிறது என்றே போட்டிருந்தது. எழுத்துத்தான் எனக்குக் கூட்டிக் கூட்டி வரும், எண்ணில் பிசகமாட்டேன். சும்மா இருந்தபோதே அறுபது. படத்தைத் திறந்ததும் எழுபது, எண்பது என்று உலைத்தண்ணீர் மாதிரி ஏறி, எண் சிவப்பாயிற்று. அது ஓடிப்போவதற்குள் அவளே நிறுத்திவிட்டாள்.

"சூடுதான் அத்தே. தாங்காம மயங்கி விழுகுது. டேபிள் பேன் வேணும்."

டேபிள் பேன் பரணில் இருந்தது, பாலித்தீன் பைக்குள், முடிச்சுமேல் முடிச்சாக. இவர் முடிச்சை நிதானமாக அவிழ்க்க ஆரம்பித்தார்.

"அவசரப்பட்டா கிழிஞ்சிரும், நல்ல கவரு" என்றார்.

"உங்க மூஞ்சி பெருசா, கவரு பெருசா?" என்றேன்.

கிழித்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் ஒரு கவரைக் கிழித்து நான் அன்றுதான் பார்த்தேன்.

திறந்த பெட்டிக்கு நேராகப் பேனை வைத்தோம். மருமகள் வேறு எதையும் தொடவில்லை. "மொதல்ல மூஞ்சிகள வெளிய கொண்டாந்துருவோம். வைத்தியம் பெறகு பாப்போம்" என்று பென்டிரைவில் நகல் எடுத்தாள். திரையில் பச்சைக் கோடு ஊர்ந்தது. இவர் குனிந்து குனிந்து பேனுக்குக் குறுக்கே வந்தார்.

"காத்த மறைக்காம நில்லுங்க!"

கோடு முடிந்தது. கம்பத்து மாமனார், கோம்பை நாய் உட்பட எல்லோரும் கரையேறினார்கள். ஆனால் பிரஸ்ஸுக்குக் கொடுக்கிற பெரிய படம் இனிமேல்தான் தயாராகவேண்டும். அதற்குப் பேன் காற்று போதாது. நிறுத்தியவுடனே அவள் மூடியைத் தொட்டாள். முகம் மாறியது. என்னையும் தொடச் சொன்னாள். மூடி சும்மா வெதுவெதுவென்றிருந்தது. திருகைக் கழற்றி மூடியைத் தூக்கினாள். அடியில் இருந்த தகடு தோசைக்கல். இரண்டுக்கும் நடுவில், சுருங்கிப்போயும் விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தது அந்த நீலத் தோல்.

"ரெயின்கோட்டு போட்டுக் குளிக்க விட்ருக்கோம்" என்றேன்.

"உரிக்கணும்னா கம்பெனிக்காரன் எழுதியிருக்க வேணாமா?" என்றார் இவர்.

"எழுதித்தான் இருப்பாக மாமா. உள்ள ஒரு தாளு இருந்துச்சு. மடிப்பு கலைஞ்சிரும்னு நீங்கதான் பிரிக்கவிடல."

இவர் கழற்றி வைத்திருந்த திருகை எடுத்து நீட்டினார். மருமகள் தோலை உரித்து மூடியை மாட்டினாள். இப்போது எண் ஏறிப் பார்த்து, அறுபதுக்குக் கீழேயே நின்றுகொண்டது. பெரிய படம் தயாராயிற்று. இவர் பென்டிரைவைப் பாலித்தீனில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தேனிக்குப் பறந்தார். சுற்றினதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. வண்டி கிளம்பினால் போதும் என்றிருந்தது.

காலையில் ஜெயமங்கலத்தில் பிளெக்ஸ் ஏறியது. மை உராயக்கூடாது என்று பிரஸ்காரர்கள் மேலே மெல்லிய பாலித்தீன் ஒட்டி அனுப்பியிருந்தார்கள். கட்ட வந்தவர்கள் அதன் ஓரத்தைப் பிடித்து இழுத்ததும் இவர் கை தானாக உயர்ந்தது. வாயும் திறந்தது. பக்கத்தில் நான் நிற்பதைப் பார்த்தார். கையை இறக்கினார். பிறகு அவரே ஏணியில் இரண்டு படி ஏறி, தன் முகம் இருந்த பக்கமாகப் பார்த்து உரித்தார். மீசை முழுசாக இருந்தது. பங்காளிகளின் பிளெக்ஸைவிட ஒரு அடிக்கு மேலேயே ஒசந்தும் இருந்தது.

கல்யாணம் முடிந்து வீட்டுக்கு வந்த கையோடு நான் பிரிட்ஜ் கதவின் மூலையில் நகத்தை வைத்தேன்.

"ஏய், ஏய்! அது சூடாகுற சாமான், உரிச்சோம். இது குளிர்ற சாமான். இத எதுக்கு உரிக்கிற?"

நகத்தை எடுக்காமலே யோசித்தேன். மருமகளிடம் கேட்டேன். அவளும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.