பந்தல் கடை அனுப்பிய வாழ்த்து

கடைகளுக்கு வாட்ஸ்அப்பில் தானாகப் பதில் சொல்லும் ஏஐ அமைத்துக் கொடுப்பதுதான் என் தொழில். அய்யம்பேட்டையில் பந்தல், நாற்காலி வாடகைக்கு விடும் பாய் ஒருவருக்கும் அமைத்துக் கொடுத்தேன். கல்யாண வீட்டுக்காரர்களை மட்டுமே மனதில் வைத்து அதைத் தயார் செய்தேன். சாவு வீட்டுக்கு ஃப்ரீசர் பாக்ஸ் கொடுப்பதும் அதே கடைதான் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அப்பாவை இழந்த ஒருவர் பாக்ஸ் கேட்டு எழுதியிருக்கிறார். "தங்கள் இல்ல விசேஷம் சிறக்க வாழ்த்துகள். மீண்டும் வருக" என்று பதில் போய்விட்டது.

பாய் என்னைத் திட்டவில்லை. "நான் போன்ல மன்னிப்புக் கேட்டுட்டேன் தம்பி. நீங்களும் ஒரு எட்டு நேர்ல போயிடுங்க" என்றார்.

துக்க வீட்டு வாசலில் அந்த மகன் நின்றிருந்தார். நான் யாரென்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "மிஷினுக்கு என்னங்க தெரியும்" என்று நாற்காலி எடுத்துப் போட்டார். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தேன். பழக்கதோஷத்தில், "அப்ப நான் வரேங்க" என்று சொல்லிவிட்டேன்.

சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். துக்க வீட்டில் சொல்லிக்கொள்ளாமல்தான் கிளம்ப வேண்டும். வருகிறேன் என்ற பேச்சே ஆகாது. மிஷினுக்குத் தெரியாது, சரி. எனக்குத் தெரியுமே.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்க. காரியத்துக்குக் கட்டாயம் வாங்க" என்றார், அழைப்பதற்காகவே காத்திருந்தவர் போல.

பாக்ஸ் கேட்டு யார் எழுதினாலும் இப்போது தானாகப் பதில் போகாது. பாயின் போன் அடிக்கும், அவரே பேசுவார். காரியத்துக்கும் போனேன். பந்தியில் யாரோ என்னைக் காட்டி யாரென்று விசாரித்தார்கள்.

"நமக்கு வேண்டியவர்தான்" என்றார் அந்த மகன்.