பதினோரு திருத்தங்கள்

1974 ஜூன் மாதம். அப்போது மந்தைவெளியில் குடியிருந்தோம். என் மூத்த மகள் எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தாள். அடுத்து என்ன படிப்பது என்பதில் வீட்டில் மூன்று வாரமாக இழுபறி. பி.யூ.சி.யில் காமர்ஸ் எடுத்து, கூடவே டைப்ரைட்டிங்கும் படித்தால் ஏதாவது அலுவலகத்தில் அமர்ந்துவிடலாம் என்பது என் கட்சி. பாலிடெக்னிக்கில் ரேடியோ, மின்கருவிகள் பற்றிய டிப்ளமா படிக்க வேண்டும் என்பது அவள் கட்சி. பாலிடெக்னிக் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் ஜூன் 14, வெள்ளிக்கிழமை. என் கையெழுத்து இல்லாமல் அதை அனுப்ப முடியாது.

நான் சர்க்கார் அலுவலகம் ஒன்றில் தலைமை எழுத்தர். எதற்கும் ஓர் அத்தாட்சி வேண்டும் என்று நினைப்பவன். அடையாறில் ஒரு தொழில் வழிகாட்டி நிலையம் இருப்பதாகவும், பிள்ளைகளின் திறமையையும் விருப்பத்தையும் சோதித்து எந்தத் துறை பொருந்தும் என்று எழுதிக் கொடுப்பதாகவும் கேள்விப்பட்டேன். “அந்த அறிக்கை என்ன சொல்கிறதோ அதன்படி கையெழுத்துப் போடுகிறேன்” என்று மகளிடம் வாக்குக் கொடுத்தேன்.

“காகிதம் சொன்னா கேப்பீங்க, பொண்ணு சொன்னா கேக்க மாட்டீங்க” என்றாள் என் மனைவி.

எட்டாம் தேதி சனிக்கிழமை காலை அடையாற்றுப் பாலம் தாண்டி பஸ்ஸிலிருந்து இறங்கினோம். நிலையம் ஒரு பழைய பங்களாவின் முன்பக்கத்து இரண்டு அறைகளில் இருந்தது. சோதனைகளை நடத்தியவர் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மையார். என்னையும் ஓரமாக உட்கார அனுமதித்தார். எனக்கு எல்லாமே புதுமையாக இருந்தது. நூறு சிறு துளைகள் உள்ள ஒரு பலகை. குண்டூசி போன்ற கம்பிகளை இடுக்கியால் எடுத்து, ஒரு துளைக்கு ஒன்றாக நட வேண்டும். அம்மையார் கையில் நிறுத்துக் கடிகாரம். பிறகு, விரித்துப் போட்ட அட்டையின் படத்தைக் காட்டி, இதை மடித்தால் எந்தப் பெட்டி வரும் என்று கேட்கும் தாள்கள். மகள் கம்பிகளை நட்ட வேகத்தைப் பார்த்து, இது சுலபம்தான் போலிருக்கிறது என்று நினைத்தேன். அனுமதி கேட்டு நானும் முயன்றேன். இரண்டாவது வரிசை முடிவதற்குள் நான்கு கம்பிகள் தரையில் கிடந்தன.

கடைசியாக விருப்பச் சோதனை. அதை மட்டும் வீட்டில் நிதானமாக எழுதிப் புதன்கிழமை கொண்டுவரச் சொன்னார்கள். சைக்ளோஸ்டைல் செய்த தாள்கள், நூற்றிருபது வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘பிடிக்கும்’, ‘பிடிக்காது’, ‘சொல்ல முடியாது’ என்று மூன்று கட்டங்கள். ஒன்றில் குறியிட வேண்டும். எழுதிப் பழக ஒரு பிரதியும் உபரியாகக் கொடுத்தார்கள்.

ஞாயிறு காலை மகள் அதைப் பென்சிலில் முடித்து என் மேஜையில் வைத்தாள். நான்கைந்து இடங்களில் அழித்து எழுதியிருந்தாள். தாளின் ஓரத்தில் எண்ணெய்க் கறை வேறு. எங்கள் அலுவலகத்தில் அடித்தல் திருத்தல் உள்ள எந்தத் தாளும் மேலதிகாரியிடம் போகாது. சுத்தப் பிரதி எடுத்துத்தான் அனுப்புவோம். இருபத்திரண்டு வருடப் பழக்கம். உபரிப் பிரதியை எடுத்து, மையில், என் முத்தான கையெழுத்தில் அவள் பெயரை எழுதி, குறிகளைப் பார்த்துப் பார்த்து இட்டேன்.

இட்டதோடு நிறுத்தியிருக்கலாம். ‘ஒரே மாதிரியான தாள்களை வரிசைப்படுத்தி அடுக்குவது’ என்ற வாக்கியத்துக்கு அவள் ‘பிடிக்காது’ என்று போட்டிருந்தாள். ஒழுங்கு பிடிக்காது என்று ஒரு பெண் எழுதிக் கொடுத்தால் அதிகாரி என்ன நினைப்பார்? ‘பிடிக்கும்’ என்று மாற்றினேன். ‘பழுதான கடிகாரத்தைத் திறந்து பார்ப்பது’ என்பதற்குப் ‘பிடிக்கும்’. எங்கள் அலாரம் கடிகாரத்தைத் திறந்துவிட்டு என்னிடம் அவள் வாங்கிய திட்டு எனக்கல்லவா தெரியும்! ‘பிடிக்காது’ என்று மாற்றினேன். ‘கம்பத்தில் ஏறி விளக்கு மாட்டுவது’, அதையும் மாற்றினேன். இப்படிப் பதினோரு இடங்கள். ஏமாற்றுகிறோம் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. கணக்குத் தாளில் பிழை திருத்துவது போலத்தான் செய்தேன். அன்றைய டைரியில், ‘படிவம் சரிபார்த்து, சுத்தப் பிரதி எடுத்தேன். திருத்தங்கள் 11’ என்றே எழுதியிருக்கிறேன்.

புதன்கிழமை நான் உறையிலிருந்து எடுத்துக் கொடுத்த சுத்தப் பிரதியை அந்த அம்மையார் புரட்டினார். முகம் சுருங்கியது.

“ஏம்மா, வாக்கியத்தைப் படிச்சுப் பார்த்து எழுதினியா, இல்ல கண்ணை மூடிக்கிட்டுப் போட்டியா?”

“படிச்சுதான் மேடம் எழுதினேன்.”

“கடிகாரத்தைத் திறக்கிறது பிடிக்காதுங்கிறே. அப்புறம் ஒரு மெஷினைப் பார்த்தா பிரிச்சு உள்ளே பார்க்க ஆசைங்கிறே. ரெண்டும் ஒரே கேள்விதாம்மா. வேணும்னேதான் ரெண்டு தடவை கேட்டிருக்கோம். இந்த மாதிரி ஒன்பது இடத்துல முன்னுக்குப் பின் முரண். இதை வச்சு நான் எந்த அறிக்கையும் எழுத முடியாது.”

தாளை மகள் பக்கம் திருப்பிக் காட்டினார். அவள் பார்த்தாள். அது யார் கையெழுத்து என்று அவளுக்கு ஒரு நொடியில் தெரிந்திருக்கும். தலையைக் குனிந்துகொண்டாள்.

அறிக்கை இல்லை என்றால் பாலிடெக்னிக் இல்லை. வெள்ளிக்கிழமை தானாகக் கடந்துபோகும். நான் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. என் கட்சி ஜெயித்துவிடும். அந்த எண்ணம் எனக்கு வந்தது என்பதை இங்கே மறைக்கப் போவதில்லை. குனிந்திருந்த அவள் தலையைப் பார்த்தேன். செய்யாத தவறுக்கு, அதுவும் கவனக்குறைவு என்ற தவறுக்கு, அவள் திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள்.

“மேடம், அது என் கையெழுத்து.”

“எது சார்?”

“முழுக்க.”

“ஏன், பொண்ணுக்குக் கை வலியா?”

“இல்லை. பென்சில்ல எழுதியிருந்தா. நான் சுத்தப் பிரதி எடுத்தேன். பதினோரு இடத்துல... சரி பண்ணினேன்.”

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “சரி பண்ணினீங்களா? ஒருத்தருக்குப் பிடிக்கும்கிறதுல தப்பு எப்படி சார் வரும்?”

தாளை மறுபடி ஒருமுறை பார்த்தவர் சிரித்துவிட்டார். “திருத்தினதைக்கூட முழுசாத் திருத்தலையே சார். ஜோடிக் கேள்வியையும் மாத்தியிருந்தீங்கன்னா நான் ஏமாந்திருப்பேன்.” சரிபார்ப்பதையே பிழைப்பாகக் கொண்ட எனக்கு, சத்தியமாகச் சொல்கிறேன், இதுதான் அதிகம் சுட்டது.

மகளிடம் புதிய படிவம் ஒன்றைக் கொடுத்து உள்ளறையில் உட்காரவைத்தார். என்னை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். வராந்தா பெஞ்சில் அமர்ந்தேன். அங்கிருந்த பியூன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“இன்னா சார், பொண்ணு உள்ளே கீது, நீ வெளியே குந்திக்கினு கீறே? உன்னை ஃபெயில் பண்ட்டாங்களா?”

“ஆமாம்ப்பா” என்றேன்.

“வுடு சார். இங்க வர்ற அப்பனுங்க பாதிப் பேரு ஃபெயிலு.”

முப்பத்தெட்டு நிமிடங்களில் மகள் வெளியே வந்தாள். மறுநாள் அறிக்கை கிடைத்தது. கைத்திறன், வடிவங்களை மனத்தில் திருப்பிப் பார்க்கும் திறன் இரண்டும் மிக நன்று; நுண்கருவிகள், மின்கருவிகள் சார்ந்த படிப்பு பொருந்தும் என்று இருந்தது. வெள்ளிக்கிழமை காலை முதல் வேலையாகக் கையெழுத்திட்டேன்.

புதன்கிழமை பஸ்ஸில் திரும்பும்போது, “நீ ஏன் உண்மையைச் சொல்லலே?” என்று கேட்டேன்.

“அவங்க முன்னாடி உங்களை எப்படிப்பா சொல்றது?” என்றாள். பாலம் வந்ததும், “அந்தப் பதினொண்ணும் எதெதுப்பா?” என்று ஆவலாகக் கேட்டாள். ஒவ்வொன்றாகச் சொன்னேன். கம்பத்தில் ஏறுவதைச் சொன்னதும் சிரித்தாள்.

“அதுல மட்டும் நீங்க சரிப்பா. எனக்கு உயரம்னா பயம். சும்மா ஜம்பத்துக்குப் போட்டேன். இன்னிக்கு மாத்திட்டேன்.”

பதினொன்றில் ஒன்று. பரீட்சையாக இருந்தால் அதுவும் ஃபெயில்தான்.

இன்று அவள் கிண்டி தொழிற்பேட்டையில், அளவு மானிகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருக்கிறாள். மாலையில் அவள் பேச ஆரம்பித்தால் பாதி எனக்குப் புரியாது. ஆனாலும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். அறிக்கையை வாங்க வியாழக்கிழமை நான் தனியாகப் போயிருந்தேன். கிளம்பும்போது அந்த அம்மையார் வெற்றுப் படிவம் ஒன்றை நீட்டி, “இதுல உங்களுக்கு எது பிடிக்கும்னு போட்டுப் பாருங்க சார். இதை யாரும் திருத்த மாட்டாங்க” என்றார். அன்று மாலையே பேனாவைத் திறந்து உட்கார்ந்தேன். முதல் மூன்று வாக்கியங்களுக்கு மளமளவென்று குறியிட்டேன். நான்காவது, தாள்களை வரிசைப்படுத்தி அடுக்குவது. பிடிக்குமா, அல்லது இருபத்திரண்டு வருடமாகச் செய்கிறேனே, அதனால் பிடித்தது போல் இருக்கிறதா? வெகுநேரம் யோசித்துவிட்டு, ‘சொல்ல முடியாது’ என்று போட்டேன். அதன் பிறகு ‘சொல்ல முடியாது’ கட்டம்தான் வரிசையாக நிரம்பிக்கொண்டே போனது. நாற்பதோடு நிறுத்திவிட்டேன்.

ஐந்து வருடங்கள் ஆகின்றன. மகளின் மனத்தைப் பதினோரு இடங்களில் தயங்காமல் திருத்தியவனுக்குத் தன் மனம் பற்றிய நூற்றிருபது கேள்விகளில் பாதிக்குக்கூட இன்னும் விடை தெரியவில்லை. அதனால் இப்போதெல்லாம் யாராவது ஒரு சின்னப் பெண், சின்னப் பையன், “எனக்கு இது பிடிக்கும்” என்று உறுதியாகச் சொன்னால், இவ்வளவு சீக்கிரம் இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று எனக்கு வியப்பாக இருக்கிறது.