ஒரு மணிக்குப் படுத்துவிடும் சர்வர்

போன வாரம் நான் மறுபடியும் மாணவனானேன். கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று எப்படிப் பேசிக்கொள்கின்றன என்று நாலு நாள் மாலை வகுப்பு. அறிவுப் பசி என்று நினைத்தால், மன்னிக்கவும். ஒரு பெண்ணின் பொய்யைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் சேர்ந்தேன்.

ஆலங்குடியில் எழுதுவதற்கென்று ஓர் அறை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். பக்கத்துக் கடை இ-சேவை மையம். நடத்துபவர் கலைவாணி. என் மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. மாதக் கடைசிக்குள் வருமானச் சான்றிதழ் கொடுக்காவிட்டால்... அந்த இடம் வேறு யாருக்கோ.

நான் யாரையும் நம்பாதவன், கரண்டையும் சேர்த்து. மதியம் ஒரு மணிக்கு மெயின் சுவிட்சை அணைத்து, அறையைப் பூட்டி, பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடக் கிளம்புவேன். போகிற வழியில் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கக் கலைவாணியிடம் எட்டிப் பார்ப்பேன். தினமும் ஒரே பதில்.

"சர்வர் டவுனுங்க சார். நாலு மணிக்கு மேல வாங்களேன், நல்லா வரும்."

அது என்ன நாலு மணி? சர்வர் மதியம் தூங்கி எழுந்து காபி குடிக்குமா? காலையில் கீரமங்கலத்துக்காரர் ஒருவர் வேலை முடிந்து சிரித்துக்கொண்டே போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேனே! கலைவாணியின் கடை போர்டு என் ஜன்னலை மறைக்கிறது என்று போன மாதம் சத்தம் போட்டிருந்தேன். அந்தக் கோபத்தில்தான் என்னிடம் பொய் சொல்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். நாலு மணிக்குப் போயிருக்கலாம். போனால் அவர் சொன்னது உண்மையாகிவிடுமே!

வகுப்பில் டீச்சர் சொன்னார்: "மெசினு தனியா ஒண்ணும் செய்யாதுங்க சார். ஒண்ணு கேக்கும், இன்னொண்ணு பதில் சொல்லும். நடுவுல எங்கிட்டாவது அந்துபோச்சுன்னா, கேட்டதுக்கு அங்கிட்டு ஆளே இல்லாத மாதிரி இருக்கும். கையில இருக்குறதுலேருந்து ஒவ்வொண்ணா பாத்துக்கிட்டே போங்க."

ஐந்தாம் நாள். மணி ஒன்று.

"சர்வர் டவுனுங்க சார்."

"அதையும் பாத்துருவோம், வாங்கம்மா."

கம்ப்யூட்டர் ஓடுகிறது. அதன் ஒயர் சுவரைத் துளைத்து மாடிப்படிக்குக் கீழே போகிறது. அங்கே நெட்டைக் கொண்டுவரும் ரௌட்டர் என்கிற பெட்டி. ஒரு விளக்குகூட எரியவில்லை.

"சர்வரா டவுனு? பொட்டிக்குக் கரண்டே இல்லையே!" என்றேன், துப்பறிவாளன் தோரணையில்.

"ஆத்தாடி! பில்டிங் ஓனர்தான் சார் மாட்டிவிட்டாரு. பிளக் பாயிண்ட் எங்கிட்டு இருக்குன்னே எனக்குத் தெரியாது."

பெட்டியின் கரண்ட் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். அது படியோரமாக ஏறி, ஒரு வெண்டிலேட்டருக்குள் நுழைந்தது.

என் அறை வெண்டிலேட்டர்.

கதவைத் திறந்தேன். அறை காலியாகக் கிடந்த காலத்தில் ஓனர் சொருகிய பிளக், பீரோவுக்குப் பின்னால் இருந்தது. மெயினோ, ஐந்து நிமிடத்துக்கு முன் நானே அணைத்தது. தினமும் ஒரு மணிக்கு அணைக்கிறேன். நாலு மணிக்கு வந்து போடுகிறேன்.

பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன். நான் சுவிட்சைப் போட்டதும் கலைவாணி உட்கார்ந்து விண்ணப்பத்தை ஏற்றினார். கெடுவுக்கு முதல் நாள் சான்றிதழ் வந்துவிட்டது.

கையில் இருப்பதிலிருந்து பார் என்றார் டீச்சர். சந்தேகத்துக்கும் அதே பாடம்தான் போலிருக்கிறது. இதை வீட்டில் பெருமையாகச் சொன்னேன். மகள் சிரிக்கவில்லை.

"ஏம்ப்பா, மத்தியான பஸ்ஸப் புடிச்சு வந்தவங்கள்ல எத்தன பேரு ஒங்களால திரும்பிப் போயிருப்பாங்க?"

அந்தக் கேள்விக்கு... எனக்கே சர்வர் டவுன்.