மஞ்சள் துணி, மொட்டைத் தலை

பத்மாவுக்கு சினேகாவைக் கண்டால் ஆகாது. கண்டதுகூட இல்லை, குரலைக் கேட்டதுதான். பன்னிரண்டு வருஷம் திருத்தணி ரேடியோவில் பத்மாதான் பேசினாள். தறி ஓடும் தெருக்களில் கரண்ட் எப்போது போகும், அரக்கோணம் ரயில் எவ்வளவு தாமதம் என்பதெல்லாம் அவள் சொல்லித்தான் ஊருக்குத் தெரியும். போன தை மாதம் ஒரு சென்னைக் கம்பெனி இதையும் இன்னும் எட்டு ஊர் ரேடியோக்களையும் மொத்தமாக வாங்கியது. ஒன்பது ஊருக்கும் சென்னையிலிருந்து சினேகா ஒருத்தியே பேசினாள். உள்ளூர்ச் சேதியை எழுதி போனில் அனுப்பும் வேலை பத்மாவுக்கு மிஞ்சியது.

என்ன இனிமையான குரல் என்று அவள் புருஷன் மணவாளனே ஒருநாள் வாய்தவறிச் சொன்னான். அன்று அவனுக்கு உப்பில்லாத ரசம்தான்.

ஆடிக் கிருத்திகையன்று காலையில், ஆந்திர எல்லையிலுள்ள நகரியிலிருந்து காவடியோடு வந்த ஒருத்தி அழுதுகொண்டே ரேடியோ ஆபீசுக்குள் நுழைந்தாள். சரவணப் பொய்கைக் கூட்டத்தில் ஐந்து வயது மகளைக் காணோம். பத்மா வழக்கமான கேள்விகளைக் கேட்டாள். கூப்பிடும் பேர் சிட்டி, நகரிக் காவடி, ஒரு காலில்தான் கொலுசு, அம்மாவைப் போலத் தமிழ் வராது, தெலுங்குதான் பேசும். எல்லாம் கேட்டவள், சினேகாவுக்கு "ஐந்து வயதுப் பெண், மஞ்சள் துணி, மொட்டைத் தலை" என்று மட்டும் அனுப்பினாள். அன்றைக்கு மலை முழுக்க மஞ்சள் துணியும் மொட்டைத் தலையும்தான். மகாராணி அதை உருகி உருகி வாசிக்கட்டும், ஊர் சிரிக்கட்டும் என்று நினைத்தாள்.

ஊர் சிரித்தது. தன் கடை வாசலிலேயே அப்படி ஆறு பேர் நிற்கிறார்கள், எதைக் கொண்டுவருவது என்று டீக்கடை சின்னசாமி போன் பண்ணினான். பத்மாவுக்கு மனசு குளிர்ந்தது. ஒரு மணி நேரம் போயிற்று. தாய் பெஞ்சில் உட்கார்ந்து ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தம்மா நல்லா சொன்னாங்கக்கா. எப்படியும் வந்துடும் என் பொண்ணு."

பத்மா உடனே சென்னைக்குப் போன் போட்டு, விட்டதையெல்லாம் சொன்னாள். தனக்குத் தெலுங்கு வராதே என்றாள் சினேகா. உன் அம்மா ரேடியோ ஆபீசில் இருக்கிறாள் என்பதைப் பத்மா தெலுங்கில் ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லிக்கொடுத்தாள்: "சிட்டி, மீ அம்ம ரேடியோ ஆபீசுலோ உந்தி." சினேகா சொன்னபோது அதுவும் பத்மா சொன்னதைவிட அழகாகவே இருந்தது. அதற்கும் வயிறு எரிந்தது.

கால் மணி நேரத்தில் வளையல் கடை பூவம்மாள் குழந்தையைத் தூக்கி வந்தாள். பேரைக் கேட்டதும் அது அவள் கடை ரேடியோப் பெட்டியிடம் ஓடிவந்ததாம்.

தாய் ஒரு பஞ்சாமிர்த டப்பாவைப் பத்மாவின் கையில் வைத்தாள். "ரேடியோல பேசினாங்களே, அவங்களுக்குக் குடுத்துடுங்கக்கா. அவங்க இல்லன்னா என் பொண்ணு இல்ல."

குழந்தை கிடைத்தது என்னால் என்று சொன்னால், ஒரு மணி நேரம் கிடைக்காமல் போனதும் என்னால் என்று சொல்லவேண்டும் என்று பத்மாவுக்குத் தோன்றியது.

"ஆங், குடுத்துடறேன்."

அவர்கள் படியிறங்கியதும் டப்பாவைத் திறந்து, நின்றபடியே வழித்துத் தின்ன ஆரம்பித்தாள். பாதி தின்றிருப்பாள். ஸ்பீக்கரில் சினேகா ஒன்பது ஊருக்கும் சொன்னாள்: "சிட்டி கிடைச்சிட்டா. கண்டுபிடிச்சது நான் இல்லைங்க, நம்ம திருத்தணி பத்மா அக்கா."

பத்மாவின் விரல் டப்பாவுக்குள்ளேயே நின்றது.