மாப்பிள்ளை விசாரித்த இலக்கிய வகுப்பு

ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் அன்று காலை முதலில் வந்தது ரிலீஃப் பட்டியல். பதினோராம் தரம், ஆங்கில இலக்கியம், வழமைபோல என் பெயருக்கு நேரே. வழமைபோல எனக்கு எரிச்சலும் வந்தது. பௌசியா டீச்சர் சிறுநீரக வருத்தத்தில் லீவு எடுத்து ஒரு பாடசாலைத் தவணை ஆகப்போகிறது. அவருடைய வகுப்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டிருந்தவள் நான். சரி என்று பதில் எழுதிக்கொண்டிருக்கும்போதே கீழே "இன்னாலில்லாஹி" என்று ஒன்று வந்து விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு வரிசையாக. எல்லோரும் இறந்தவருக்கான துஆவைப் போட்டார்களே தவிர, ஒருவரும் பெயரைப் போடவில்லை. மேலேயும் கீழேயும் தள்ளிப் பார்த்துக் களைத்து, மருதமுனையில் இருக்கும் ஒரு டீச்சருக்கு ஃபோன் எடுத்தேன். "பௌசியா டீச்சர்தான். சுபஹுக்கு முந்தி மௌத்து" என்றார். ரிலீஃப் பட்டியலுக்கு நான் எழுதிய "சரி" அனுப்பப்படாமல் அப்படியே கிடந்தது.

அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அறிந்தவர்கள் என்றால் எங்கள் பெண்கள் பாடசாலையில் அவரிடம் படித்தவர்கள் மட்டுமல்ல. அவரிடம் ஒரு நாளும் படிக்காமல், கலியாண வீடுகளில் அவரைப் பற்றிக் கதைத்தவர்களும்தான்.

நானும் ஆங்கில ஆசிரியைதான். என் வகுப்புக்கும் அவர் வகுப்புக்கும் நடுவில் இருந்தது ஒரு பலகைத் தட்டி மட்டும். நான் இலக்கணம் படிப்பிப்பேன். அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்புச் சத்தம் வரும். ஓ.எல். பரீட்சைக்கு ஆங்கில இலக்கியம் எடுக்கும் பிள்ளைகள் எங்கள் ஊர்ப்பக்கத்தில் குறைவு. எடுத்தவர்களும் டியூஷன் நோட்ஸைப் பாடமாக்கி, பரீட்சையில் அப்படியே கொட்டிவிட்டு வருகிறவர்கள். ஒரு பாத்திரத்தைப் பற்றிக் கட்டுரை கேட்டால் வகுப்பு முழுக்க ஒரே கட்டுரை வரும், பிழைகள்கூட ஒரே இடத்தில் இருக்கும். அதைத் திருத்துகிறவருக்கு வரும் அலுப்பு திருத்தியவர்களுக்குத்தான் தெரியும். பௌசியா டீச்சர் அந்த அலுப்பிலிருந்துதான் தன் வழியைக் கண்டுபிடித்தார் என்று நினைக்கிறேன். பெரிய கொள்கை ஒன்றும் அவரிடம் இருக்கவில்லை.

அந்த வழி இதுதான். பாடப்புத்தகத்தில் ஒரு கதை இருந்தது. ஒரு பணக்கார வீட்டு வாலிபன் ஏழைப் பெண் ஒருத்திக்கு வாக்குக் கொடுத்துவிட்டுப் பட்டணம் போகிறான். வயதான பிறகு அந்தக் காலத்தைத் தானே நினைத்துச் சொல்கிறான். அவனுடைய குணத்தைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டும். பௌசியா டீச்சர் கொப்பிகளை மூடச் சொன்னார். "இவன் நம்மட ஊட்டுக்கு மாப்பிள்ளையாக் கேட்டு வந்திரிக்கான். போய் விசாரிச்சிட்டு வாங்க" என்றார்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை. மாப்பிள்ளை வந்து இருக்கப்போவது பெண் வீட்டில். வீடு கட்டிக் கொடுப்பதும் பெண் வீட்டார். ஆகவே ஒரு சம்பந்தம் வந்தால் வாப்பாமாரும் மாமாமாரும் அவனுடைய தெருக் கடையில், பள்ளிவாசலில், பழைய வாத்தியாரிடம் என்று விசாரித்துத் திரிவார்கள். யார் சொன்னது, சொன்னவனுக்கு அவன் சொந்தமா, பகையா, சொன்னதைக் கண்ணால் கண்டானா, கேள்விப்பட்டானா என்று அலசுவார்கள். உம்மாமார் இதையெல்லாம் குசினிக்குள் வைத்து மறுபடி அலசும்போது பிள்ளைகள் கேட்டுக்கொண்டுதான் வளர்கிறார்கள். இங்கிலீசில் வாய் திறக்காத பிள்ளைகள் அன்று தமிழில் ஆளுக்காள் முந்திக்கொண்டு விசாரித்தார்கள். தட்டிக்கு இந்தப் பக்கம் நான் சோக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டு நின்றேன்.

அவன் இரக்கமுள்ளவன் என்றாள் ஒருத்தி. "ஆரு சொல்றா?" என்றார் டீச்சர். கதையில் இருக்கிறது என்றாள். "கதையில ஆரு சொல்றா?" அந்தப் பிள்ளை புத்தகத்தைப் புரட்டியிருக்க வேண்டும், தாள்கள் சரசரத்தன. பிறகு மெதுவாக, "அவன்தான் டீச்சர்" என்றாள்.

"அப்ப மாப்பிள்ளையே வந்து மாப்பிள்ளை நல்லவன் எண்டு சொல்லிட்டுப் போறான். போதுமா நமக்கு?"

கதை சொல்கிறவனை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை நான் பயிற்சிக் கல்லூரியில் ஒரு தவணை முழுக்கப் படித்திருக்கிறேன். விளங்கியது அன்றைக்குத்தான்.

அந்தத் தவணைப் பரீட்சையில் பிள்ளைகள் ஒவ்வொருத்தியும் வெவ்வேறு கட்டுரை எழுதினார்கள். இங்கிலீசு நொண்டியது. ஆனால் ஒவ்வொரு கூற்றுக்கும் கதையிலிருந்து சாட்சி இருந்தது. ஒரு வில்லங்கமும் இருந்தது. பாதிப் பேர் கட்டுரையை "ஆகவே இவருக்கு எங்கள் பெண்ணைக் கொடுக்க முடியாது" என்று முடித்திருந்தார்கள். கல்வி வலயத்திலிருந்து வந்த ஆசிரிய ஆலோசகர் ஒரு தாளை எடுத்து வாசித்துவிட்டு, இது என்ன இலக்கியமா, கலியாணத் தரகா என்று கேட்டார். பௌசியா டீச்சர் கோபிக்கவில்லை. மேலே இருக்கும் பந்திகளையும் வாசித்துவிட்டுச் சொல்லச் சொன்னார். அவர் வாசித்தார். வாசித்து முடித்தபின், சாட்சியெல்லாம் சரி, அந்தக் கடைசி வரியை மட்டும் வெட்டச் சொல்லுங்கள் என்றார். டீச்சர் மறுநாள் பிள்ளைகளிடம், கடைசி வரியை மனசில் எழுதுங்கள், தாளில் வேண்டாம் என்றாராம். அந்த வருசங்கள்தான் அவர் நன்றாக இருந்த வருசங்கள்.

இனிச் சொல்லப்போவதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆனால் பாதிதான் கேள்விப்பட்டிருப்பீர்கள்.

அந்த வகுப்பில் ஸஹ்லா என்று ஒரு பிள்ளை இருந்தாள். சாய்ந்தமருதில் துணிக்கடை வைத்திருந்தவரின் மகள். பெயரைப் போடச் சொன்னவள் அவளே. ஏன் என்பது பிறகு வரும். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தபோது அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை கட்டாரில் ஒரு கம்பனியில் சூப்பர்வைசர் என்றார்கள். தரகர் கூடத்தில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்க, ஸஹ்லா கதவடியில் வந்து நின்று வாப்பாவிடம் கேட்டாளாம்: சூப்பர்வைசர் என்று யார் சொன்னது, அவருடைய உம்மாவைத் தவிர வேறு யாராவது சொன்னார்களா என்று. தரகர் கோப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போனார். அந்தக் கேள்வி அன்றைக்கே மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. பெண்ணே இப்படிக் கேட்கிற வீட்டில் எங்கள் பிள்ளை எப்படி இருப்பான் என்று அவர்கள் விலகிக்கொண்டார்கள். பிறகு தெரிந்தது, அந்த ஆள் உண்மையிலேயே சூப்பர்வைசர்தான், குணமும் நல்ல குணம்தான் என்று. வேறு ஊரில் கலியாணம் முடித்து நன்றாக இருக்கிறார்.

ஸஹ்லாவின் வாப்பா பாடசாலைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. அதிபரின் அறையில் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். என்னையும் கூப்பிட்டிருந்ததால் நானும் அங்கே இருந்தேன். "இங்கிலீசு படிப்பிக்கச் சொல்லித்தான் புள்ளைய அனுப்பின. வாப்பாட்ட சாட்சி கேக்கப் படிப்பிச்சிரிக்காங்க" என்றார். பௌசியா டீச்சரிடம் இதற்குப் பதில் இருக்கும், ஆலோசகருக்குச் சொன்னமாதிரி ஒன்று சொல்வார் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அவர் "பொறுத்துக்கங்க" என்று மட்டும் சொன்னார்.  இனி எல்லோரையும்போல நோட்ஸ் கொடுங்கள் என்று அதிபர் முடித்துவைத்தார்.

திரும்பி வகுப்புக்கு நடந்து வரும்போது அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. "கதைட்ட என்ன கேள்வி கேட்டாலும் கதை கோவிக்காது. மனிசர் அப்படியில்ல. அத நான் புள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கல்ல."

அடுத்த நாளிலிருந்து தட்டிக்கு அந்தப் பக்கம் நோட்ஸ் சொல்லும் சத்தம் கேட்டது. முற்றுப்புள்ளி, அடுத்த பந்தி, தலைப்பின் கீழே கோடு. பெறுபேறுகள் கூடின. அதே ஆலோசகர் வந்து பாராட்டிவிட்டுப் போனார். பெற்றோர் கூட்டத்தில் நன்றி சொன்னார்கள். நான் ஒரு நாள், இப்போது வகுப்பு அமைதியாக இருக்கிறது என்றேன், பகிடியாகத்தான். அவர் சிரிக்கவில்லை. "பாஸ் கூடியிரிக்கி. வாசிக்கிற ஆள்தான் ஒருத்தரும் இல்ல. நானும் வாசிக்கிறல்ல" என்றார்.

ஊர் சும்மா இருக்குமா? கலியாணம் குழப்பின டீச்சர் என்று பெயர் வைத்தார்கள். ஆசிரியைமார் நாங்கள் கூட்டாகக் கலியாணங்களுக்குப் போகும்போது அவர் வருவதை நிறுத்திக்கொண்டார். அன்பளிப்பை என் கையில் கொடுத்து அனுப்புவார். கால் வலி என்பார், தலைச்சுற்று என்பார். பிறகு உண்மையாகவே வருத்தங்கள் வந்தன, சாட்டுச் சொல்ல வேண்டிய தேவை இல்லாமல் போனது. கடைசியாக நான் பார்க்கப் போனபோதும் ஸஹ்லாவுக்கு என்ன நடந்தது, எங்கே இருக்கிறாள் என்று கேட்டார். பல்கலைக்கழகம் போனாள், அதற்குப் பிறகு தெரியாது என்றேன். "என்னால அந்தப் புள்ளைட வாழ்க்கை கோணிச்சோ தெரியா" என்றார். இல்லை டீச்சர் என்றேன். இல்லை என்பதற்கு என்னிடம் சாட்சி இருக்கவில்லை. அது அவருக்கும் தெரிந்திருக்கும்.

மருதமுனையில் டீச்சரின் மௌத்து வீட்டுக்கு நான் போனபோது லுஹர் தொழுகை முடிந்திருந்தது. பக்கத்து வீட்டுத் தறிகளை நிறுத்தியிருந்தார்கள். முகம் பார்த்துவிட்டு உள் அறையில் பாயில் இருந்தேன். அழுகைகூட வரவில்லை, அவ்வளவு களைப்பு. பக்கத்தில் வந்து இருந்த பெண் "மிஸ்" என்றாள். முகத்திரையை விலக்கிய பிறகுதான் அடையாளம் தெரிந்தது. ஸஹ்லா. அக்கரைப்பற்றில் ஓர் அரசாங்கக் கந்தோரில் வேலையாம். கலியாணம் முடித்து ஒரு மகளும் இருக்கிறாளாம். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமென்று, டீச்சர் கடைசிவரை உன்னைத்தான் கேட்டார், அந்தச் சம்பந்தம் குழம்பியதை நினைத்து வகுப்பு எடுக்கும் விதத்தையே மாற்றிவிட்டார் என்று சொன்னேன். அவள் என்னை ஒருமாதிரிப் பார்த்தாள்.

"டீச்சர் நோட்ஸ் சொல்லத் தொடங்கினாவா?" என்று கேட்டாள். ஓம் என்றேன்.

 அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "அந்த மாப்பிள்ளையில எனக்கு ஒரு சந்தேகமும் இரிக்கல்ல மிஸ். எனக்குக் கெம்பஸ் போகணும். வேணாம் எண்டு சொன்னா அடிதான் உழும். கேள்வி கேட்டா டீச்சர் படிப்பிச்ச எண்டு பழி அங்கால போயிரும். தரகர் இரிக்கக்குள்ள கேட்டா அவங்களே உட்டுட்டுப் போவாங்க எண்டும் தெரியும். யோசிச்சுத்தான் நான் கேட்ட."

ஏன் டீச்சரிடம் ஒரு தரம் வந்து சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டது கொஞ்சம் காரமாகத்தான் வந்திருக்கும்.

"டீச்சருக்கு விளங்கியிரிக்கும் எண்டு நான் நினைச்ச. எல்லாத்தையும் விசாரிக்கச் சொல்றவ, என்னை விசாரிக்காம உடுவாவா எண்டு நினைச்ச." பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவவப் பத்தி எழுதினா இதையும் எழுதுங்க மிஸ். பேரையும் போடுங்க. வாப்பா வாசிச்சாலும் பரவாயில்ல" என்றாள்.

அஸர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸாவை எடுத்துக்கொண்டு போனார்கள். பெண்கள் நாங்கள் வாசல் கடப்படியில் நின்றோம். ஸஹ்லா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள்மேல் கோபப்படலாமா என்று யோசித்துப் பார்த்தேன். பத்தொன்பது வயதில், கூடத்தில் தரகரும் வாப்பாவும் இருக்க, அவளுக்கு வேறு எந்த வாசல் திறந்திருந்தது? கோபம் வரவில்லை. ஆறுதலும் வரவில்லை.

போனவரிடமிருந்து நமக்கு எஞ்சியது என்ன என்று சொல்லித்தான் இப்படியான எழுத்தை முடிப்பார்கள். எனக்கு எஞ்சியதில் ஒன்று அந்த வகுப்பு. நேர அட்டவணையில் ரிலீஃப் என்ற சொல் போய் என் பெயர் ஏறிவிட்டது. மற்றது ஒரு பதில். அது எனக்கு உரியதல்ல, அவருக்கு உரியது. இத்தனை வருசமாக அவர் சுமந்து திரிந்ததை ஒரு நிமிசத்தில் இறக்கி வைத்திருக்கக்கூடிய பதில், அவரைக் கபுறடிக்குக் கொண்டுபோன நாளில் என் கைக்கு வந்தது. அல்லாஹ் அவருக்கு அதை அறிவித்திருப்பான் என்று நம்புகிறேன். ஊருக்கு அறிவிக்க வேண்டியது என் பொறுப்பு. பௌசியா டீச்சர் யாருடைய கலியாணத்தையும் குழப்பவில்லை. வேண்டாம் என்று சொல்ல வழியில்லாமல் நின்ற ஒரு பிள்ளைக்கு ஒரு கேள்வியைக் கொடுத்திருந்தார். அவள் அதை வைத்துத் தன் வழியைப் பார்த்துக்கொண்டாள். அக்கரைப்பற்றிலிருந்து மருதமுனைக்குப் பஸ்ஸில் வந்துவிடலாம். உயிரோடு இருந்த டீச்சரிடம் இதைச் சொல்ல ஒருவரும் வரவில்லை.