ஐம்பத்தெட்டு வோல்ட் மனிதர்

எறையூரில் என் வீட்டுக்கு சோலார் மாட்ட வந்தவர், சட்டைப் பையில் மூன்று டெஸ்டர்களைப் பேனா மாதிரி செருகியிருந்தார். இன்வெர்ட்டரோடு வந்த கையேட்டை எடுத்ததும் அதாலேயே விசிறிக்கொள்ள ஆரம்பித்தார்.

"லித்தியம் பேட்டரிக்கு சார்ஜ் அம்பத்தாறு வோல்ட்டுல வெக்கணும்னு அதுல போட்டிருக்குங்களே?" என்றேன்.

"புக்கு எழுதுனவன் நம்ம ஊரு வெயில பாத்திருக்கானா சார்? தண்ணி ஊத்துற பேட்டரி காலத்துலேர்ந்து எல்லா வூட்டுக்கும் நான் வெக்கிறது அம்பத்தெட்டுதான்."

மறுநாளிலிருந்து மதியமானால் பேட்டரி அந்த ஐம்பத்தெட்டைத் தாங்க முடியாமல் தானே நின்றுவிடும், ஃபேன் ஓடாமல் வீடே புழுங்கும். நான்காம் நாள் மறுபடி வந்தவர், முதுகால் இன்வெர்ட்டரை மறைத்துக்கொண்டு ஏதோ அமுக்கினார்.

"பாத்தீங்களா, பேட்டரி இப்பதான் உங்க வூட்டுக்குப் பழகியிருக்கு."

அவர் போனதும் இன்வெர்ட்டரில் என்ன வோல்ட் வைத்திருக்கிறார் என்று பார்த்தேன். ஐம்பத்தாறு. விசிறிக்கொண்டே அந்தக் கையேட்டை எப்போது படித்தார் என்பதுதான் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.